மின்வெட்டுக்கு அசையாத கணினி

காட்பாடியில் எங்கள் வீட்டுக் கணினியில் சென்ற கோடையில் ஃபெடோரா சில்வர்புளூ என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். அதில் இயங்குதளக் கோப்புகள் அடங்கிய யுஎஸ்ஆர் அடைவைப் படிக்க மட்டுமே முடியும். புதுப்பிப்பு தனியொரு பதிப்பாகப் பக்கத்தில் தயாராகி, மறுதொடக்கத்தின்போதுதான் நடப்புக்கு வருகிறது என்பதால், பாதி வேலையில் மின்சாரம் போய்த் திரை இருண்ட அன்றும் பழைய பதிப்பு ஒன்றும் நடவாததுபோல் எழுந்து நின்றது. செயலிகள்தாம் பெரும்பாடு. ஃபிளாட்பேக் என்ற செயலிப் பொதி முறையில் சிறிய குறிப்பேட்டுச் செயலி ஒன்றைக் கேட்டால், அது இயங்க வேண்டிய பொதுக் கோப்புகளின் தொகுப்பான இயக்கச்சூழல் நூற்றுக்கணக்கான எம்.பி.யாக முதலில் இறங்குகிறது. அடுத்த செயலியும் அதையே பகிர்ந்துகொள்ளக்கூடும் என்பது ஓர் ஆறுதல். ஸ்னாப் என்ற இன்னொரு பொதி முறையின் செயலிக் கடை, உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் கையில் மட்டுமே இருப்பது எனக்கு உவப்பில்லை. ஆப்இமேஜ் என்ற மூன்றாவது முறையில் செயலி முழுவதும் ஒற்றைக் கோப்பு; பென்டிரைவில் போட்டுக் குடியாத்தத்திலுள்ள தம்பிக்குக் கொடுத்துவிடலாம், ஆனால் புதுப்பிப்பது பெரும்பாலும் நம் பொறுப்பு. பிரிண்டர் டிரைவர் மட்டும் இவற்றில் எதற்கும் அடங்காமல், ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ என்ற சில்வர்புளூவின் கருவி வழியாக அடித்தளத்தின்மேல் ஏற்றி மறுதொடக்கம் செய்த பிறகே தாள் நகர்ந்தது.