கை உதறல் வலிப்பா? மூன்றாவது பதிவில்தான் விடை கிடைத்தது

"ஈ.ஈ.ஜி. நார்மல், வலிப்பு இல்லை." நோயாளியின் பழைய ரிப்போர்ட்டில் இருந்தது இந்த ஒரு வரிதான். ஈ.ஈ.ஜி. என்பது மூளையின் மின் அலைகளைத் தலையிலிருந்து எடுக்கும் பதிவு. அவருக்கோ டம்ளரைத் தூக்கினாலே வலது கை வெட்டி உதறுகிறது. ஆனால் அந்தப் பதிவு எடுத்தபோது கையில் ஒரு எலெக்ட்ரோடுகூட வைக்கவில்லை. உதறல் எந்த நொடியில் வந்தது என்றே தெரியாத பதிவை வைத்துக்கொண்டு, அது மூளையிலிருந்து வந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்ல முடியும்? மயோக்ளோனஸ் (தசை சட்டென்று வெட்டி உதறுவது) என்று சந்தேகம் வந்தால் தலையோடு தசையையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லி முதலிலேயே கேளுங்கள்.

மூளையின் மேற்படலமான புறணியிலிருந்து கிளம்பும் உதறலில், அதற்குக் காரணமான மின்துடிப்பு பல நேரம் சாதாரண அலைகளுக்குள் புதைந்துபோய்க் கண்ணுக்கே தெரியாது. தசை துடிக்கத் தொடங்கும் புள்ளியைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு முந்தைய ஈ.ஈ.ஜி. துண்டுகளைச் சராசரி எடுத்தால்தான் அது மேலே வரும். ஜப்பானிய நரம்பியலாளர்கள் ஷிபாசாகியும் குரோய்வாவும் 1975-ல் காட்டிய முறை இது.

நாங்கள் எடுத்த முதல் பதிவு முழுக்க வீண். ஈ.ஈ.ஜி. ஒரு கருவியில், தசையின் மின்துடிப்பைப் பதியும் ஈ.எம்.ஜி. இன்னொன்றில். இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. தேடுவதோ மூளையின் துடிப்புக்கும் கைத்தசையின் துடிப்புக்கும் நடுவே ஏறத்தாழ 20 மில்லி செகண்ட் இடைவெளி. போதாததற்கு ஈ.ஈ.ஜி. 200 ஹெர்ட்ஸில் ஓடியிருந்தது, அதாவது 5 மில்லி செகண்டுக்கு ஒரு புள்ளி. மொத்த இடைவெளியும் நான்கே புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அதை வைத்து எதையும் அளக்க முடியாது. தலையும் தசையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில், குறைந்தது 1000 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும். ஈ.எம்.ஜி. சேனலில் 70 ஹெர்ட்ஸுக்கு மேலானதை வெட்டும் வடிகட்டி போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அது துடிப்பின் கூரிய விளிம்பை மழுக்கி, தொடக்கப் புள்ளியையே நகர்த்திவிடும்.

இரண்டாவது முறை கருவி சரி, உதறல் வரவில்லை. உதறலை அடக்கும் குளோனாசிபாம் மாத்திரையைக் காலையில் வழக்கம்போல் போட்டாயிற்று. 40 நிமிடத்தில் வந்தது ஆறே உதறல். சராசரிக்குக் குறைந்தது ஐம்பது வேண்டும், நூறு கிடைத்தால் நிம்மதி. மாத்திரைக்கு முன்னால் பதிவு எடுக்கலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். ஆனால் மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் பெரிய வலிப்பே வந்துவிடலாம்.

மூன்றாவது முறை கைவிரல் தசை, முன்கையின் மடக்கும் தசை, நீட்டும் தசை, பைசெப்ஸ், கழுத்துத் தசை என எல்லாவற்றிலும் இரண்டிரண்டு எலெக்ட்ரோடு. மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை தோலைத் தேய்த்தோம். வயர்களைக் கையோடு சேர்த்து டேப் ஒட்டியதும் முக்கியம். இல்லாவிட்டால் வயர் ஆடுவதே அலையாகப் பதிவாகும். கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னதும் உதறல் வரிசையாக வந்தது. ஒவ்வொரு தசைத்துடிப்பும் 30 மில்லி செகண்ட் அளவுதான். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றாகவே துடித்தன. 50 மில்லி செகண்டுக்கும் குறைவான இந்தக் குறுகிய துடிப்புதான் புறணியைச் சந்தேகிக்க வைக்கும் முதல் தடயம்.

உதறலின் தொடக்கத்தைக் கருவி தானாகக் குறிப்பதை நம்பவில்லை. 80 உதறலின் தொடக்கத்தையும் கையாலேயே குறித்துச் சராசரி எடுத்தோம். தலையின் இடது பக்கத்தில், வலது கையை இயக்கும் புறணிக்கு மேலே உள்ள சி3 எலெக்ட்ரோடில், தசைக்கு 20 மில்லி செகண்ட் முன்பாக ஒரு கூரிய அலை எழுந்தது! அதோடு நிறுத்திவிடக் கூடாது. அதே பதிவில் கண்டபடி 80 புள்ளிகளைக் குறித்து இன்னொரு சராசரி எடுத்தோம்; அது தட்டையாக வந்தது. பிறகுதான் நம்பினோம். தசைத்துடிப்புக்குப் பின்னால் வரும் அலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது அசைவின் விளைவாக இருக்கலாம்.

மணிக்கட்டு நரம்பை மின்சாரத்தால் தூண்டிய சோதனையில், அதற்குப் புறணி தரும் பதிலான பி25-என்33 அலை பெரிதாக உயர்ந்தது. மயோக்ளோனஸில் இப்படி அலை பெருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் டாசன் 1947-லேயே கவனித்திருக்கிறார். தூண்டிய 45 மில்லி செகண்டில் கைத்தசையில் சி-ரிஃப்ளெக்ஸும் (புறணி வழியாகத் திரும்பி வரும் தசைத்துடிப்பு) வந்தது. இதற்குத் தூண்டலை விநாடிக்கு ஒன்றாகக் குறையுங்கள்; வேகமாகத் தூண்டினால் அது மங்கிவிடும்.

கழுத்துத் தசை முதலில் துடித்துப் பிறகு மேலும் கீழும் பரவியிருந்தால் மூளைத்தண்டை நினைத்திருப்போம். உதறலுக்கு ஒன்றிரண்டு விநாடி முன்பிருந்தே மெல்ல ஏறும் அலை இருந்திருந்தால் அது செயல்பாட்டுக் கோளாறின் (மூளையில் சேதம் இல்லாமலே அதன் இயக்கத்தில் வரும் கோளாறு) பக்கம் போயிருக்கும். கை உதறாமல் சட்டென்று தொய்கிறதா என்றும் பாருங்கள். எதிர்மறை மயோக்ளோனஸில் தசை துடிக்காது, ஒரு கணம் ஊமையாகும். கை ஓய்வில் இருந்தால் அது பதிவிலேயே வராது.

இத்தனை மெனக்கெடுவதற்குக் காரணம் மருந்து. வலிப்பு மருந்துகளான கார்பமாசெபினும் ஃபெனிடாயினும் சிலருக்கு மயோக்ளோனஸைக் கூட்டிவிடும். காலையில் எழுந்ததும் கை உதறிப் பொருளைத் தவறவிடும் இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பில் இது தெரிந்த ஆபத்து. புறணி என்று நிரூபித்துவிட்டதால் நோயின் காரணம் தெரிந்துவிட்டதாகவும் ஆகாது. ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட பிறகும் இப்படி வரலாம். ஆகவே புது ரிப்போர்ட்டில் "நார்மல்" என்ற சொல் இல்லை: "புறணி மயோக்ளோனஸ், காரணம் தேடப்பட வேண்டும்."