துரை காலத்து வெள்ளி ஸ்பூன்: முத்திரையைப் படிக்கும் முறை

வேலூர் பக்கம் கிடைக்கும் பழைய ஸ்பூன், முள்கரண்டிகளைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கலாம்: கன்டோன்மென்ட் அதிகாரிகள் சீமையிலிருந்து கொண்டுவந்தவை, மெட்ராஸ் கடைகளில் வாங்கியவை, ஆற்காடு மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியத்தில் இருந்த அமெரிக்கர்களுடையவை. மூன்றுக்கும் முத்திரை, அதாவது உலோகத்தில் குத்திய சிறு குறிகள், வேறு. வேலூர் லாங் பஜாரில் எடைக்கு விற்கத் தராசில் வைப்பதற்கு முன் இதைப் பிரித்துவிட வேண்டும். உருக்கப் போன பிறகு பேச ஒன்றும் இல்லை.

முதல் விதி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து மழுங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தேய்ப்புதான். வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். பத்து மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். நேரே அடித்தால் பளபளப்பில் எழுத்தே மறைந்துவிடும். அப்படியும் தெரியவில்லையா? மெழுகுவர்த்திப் புகையை முத்திரை மேல் லேசாகப் படியவிட்டு, செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். எழுத்து தலைகீழாகாமல் நேராகவே விழும்.

சீமைச் சரக்கில் நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. கூடவே ஊர்க்குறி: லண்டனுக்குச் சிறுத்தை முகம், பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம். ராஜா ராணி தலை வரி கட்டியதற்கான குறி. 1784 முதல் 1890 வரை மட்டும். செய்த ஆண்டைக் காட்ட ஒற்றை எழுத்து ஒன்றும் குத்தியிருக்கும். அந்த ஆண்டு எழுத்தைத் தனியாகப் படித்து ஏமாறாதீர்கள். ஊர் தெரிந்தால்தான் அது எந்த ஆண்டு என்று தெரியும்.

மெட்ராஸ் சரக்கில் இந்த வரிசை இருக்காது. வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தியாவில் கட்டாயத் தரமுத்திரையே கிடையாது. கடைப் பெயர்தான் உத்தரவாதம். மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் இருந்தால் மகிழலாம், ஆனால் அது விற்றவர் பெயராகவும் இருக்கலாம். பக்கத்தில் வேறு என்ன குத்தியிருக்கிறது என்று பாருங்கள். யானை உருவம் இருந்தால் கல்கத்தா ஹாமில்டன் கம்பெனியைச் சந்தேகிக்கலாம்.

அதிகம் பேர் சறுக்குவது மிஷன் சாமானில்தான். '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்று இருந்தால் 1847இல் செய்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது பிராண்டின் பகுதி, பொருளோ முலாம். அமெரிக்க வெள்ளியில் 'ஸ்டெர்லிங்' என்றோ, அதற்கு முந்தையதில் 'காயின்' என்றோ எழுத்தாகவே இருக்கும். இ.பி.என்.எஸ். என்பது ஜெர்மன் சில்வர் (பெயரில் மட்டும்தான் சில்வர்; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) மேல் வெள்ளி முலாம். அந்த நான்கு எழுத்தைத் தனித்தனிக் கட்டத்தில் அடித்துத் தரமுத்திரை போலவே காட்டுவார்கள்.

சந்தேகம் தீராவிட்டால் தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். ஸ்பூனை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். ஸ்பூன் எடையை, மூழ்கியிருக்கும்போது தராசு காட்டும் அளவால் வகுத்தால் அடர்த்தி. 52 கிராம் ஸ்பூன் சுமார் 5 கிராம் காட்டினால் 10.4, வெள்ளி. சுமார் 6 காட்டினால் 8.7, ஜெர்மன் சில்வர். குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும், விரலால் தட்டிவிடுங்கள். கத்திக்கு இது செல்லாது: பிடிக்குள் அரக்கு, அலகு எஃகு.

நகைக்கடை எக்ஸ்ரே மெஷின் மேல்தோலை மட்டுமே படிக்கும், கனத்த முலாமையும் வெள்ளி என்றே சொல்லும். அதைவிட ஸ்பூனைக் கவிழ்த்து, மேஜையில் படும் குழிவின் முதுகைப் பாருங்கள். முலாம் முதலில் அங்கேதான் தேய்ந்து மஞ்சளோ சாம்பலோ எட்டிப்பார்க்கும்.

நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குப் பெட்டியில் போட்டு அனுப்புவதற்கு முன் தொல்லியல் துறையில் விசாரித்துவிடுங்கள்.