வலிப்பு நின்ற பிறகு

குழந்தைகள் வார்டில் தாதியாக இருக்கிறேன். சிங்கப்பூரில் ஃபுளூ வருஷம் முழுக்க உண்டு என்றாலும் வருஷ நடுவிலும் கடைசியிலும் கூடிவிடும். அப்போது காய்ச்சல் வலிப்போடு வரும் பிள்ளைகளும் கூடுவார்கள். தமிழ்க் குடும்பம் என்றால் பேசுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அநேகமாக நான் போவதற்குள் பிள்ளை தேறியிருக்கும், அம்மாவுக்குத்தான் கை நடுங்கும். 6 மாதம் முதல் 5 வயது வரை, நூறு பிள்ளைகளில் 2 முதல் 5 பேருக்கு இந்த வலிப்பு வருகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நிற்கும். மூளைக்குக் கெடுதல் இல்லை. வாயில் கரண்டி வைக்க வேண்டாம், கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 995 என்று சொல்வேன். பாட்டிகள் முதலில் முறைப்பார்கள், அப்புறம் கேட்டுக்கொள்வார்கள்.

வலிப்பைப் பார்த்து எனக்குப் பயமில்லை. அது நின்ற பிறகும் பிள்ளை தெளியாமல் கிடந்தால்தான் பயம்.

ஒரு அம்மா சொன்னார்: "சிஸ்டர், இவன் இவனாவே இல்ல. என்னைப் பார்க்கிறான், ஆனா அம்மான்னு தெரியல." காய்ச்சல் அப்போது இறங்கியிருந்தது. மற்ற அளவுகளிலும் பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் பெற்றவள் அப்படிச் சொன்னால் நான் காத்திருக்க மாட்டேன். உடனே டாக்டரை அழைத்தேன். ஸ்கேனில் மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. அக்யூட் நெக்ரோடைசிங் என்செஃபலோபதி, ஃபுளூ போன்ற காய்ச்சலை ஒட்டி வரும் கடுமையான மூளைப் பாதிப்பு. 1995இல் ஜப்பானிய மருத்துவர் மிசுகுச்சி விவரித்த நோய். மிக அபூர்வம், ஆனால் வந்தால் மணிக்கு மணி முற்றும். முதுகுத்தண்டு நீரில் கிருமி பெரும்பாலும் அகப்படாது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் தற்காப்பே கட்டுமீறி மூளையைப் பாதிக்கிறது என்கிறார்கள். அதனால்தான் அந்தத் தற்காப்பை அடக்கும் ஸ்டீராய்டைச் சீக்கிரம் தொடங்கப் பார்க்கிறார்கள்.

பையன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மீண்டான். நடக்கத்தான் மறுபடி பழக வேண்டியிருந்தது.

"சாதாரண ஃபுளூவுக்கு எதுக்கு ஊசி?" என்று கேட்கும் அப்பாக்களிடம் இப்போது பொறுமையாக உட்கார்ந்து பேசுகிறேன். இங்கே 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஊசி பரிந்துரைக்கப்படுகிறது. போட்டாலும் ஃபுளூ வரலாம், கடுமையாகும் வாய்ப்பு குறையும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே வேண்டாம், மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரலாம் என்பதையும் சேர்த்துத்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது அம்மாக்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: எழுப்பினால் எழுகிறானா, உங்களைத் தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால், காய்ச்சல் விட்டிருந்தாலும் சரி, ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.