பாங்காக்கில் விழாத பிரவுன்

க்யூ ஸ்கூலுக்குப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா அதை ஏதோ கோச்சிங் சென்டர் என்றே நினைத்தார். "எத்தனை மாசப் படிப்பு கண்ணு?" என்றார். படிப்பெல்லாம் இல்லை, தகுதிப் போட்டி. உலக ஸ்நூக்கர் சுற்றில் ஆட கார்டு வேண்டும், அதை வாங்கும் வழிகளில் இது ஒன்று. ஆசியாக்காரர்களுக்கு 2022-லிருந்து பாங்காக்கில் தனியாக நடத்துகிறார்கள். மொத்தம் இரண்டு போட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டே பேருக்குக் கார்டு, அதுவும் இரண்டு வருஷத்துக்கு மட்டும். பரிசுப்பணம் என்று ஒரு ரூபாய் கிடையாது. நுழைவுக் கட்டணம், டிக்கெட், ரூம், விசா என்று எல்லாம் நம் கைக்காசுதான். சோமனூரில் கூலித்தறி ஓட்டுகிற அப்பா அதற்காக ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தார்.

நான் ஆடப் பழகியது திருப்பூரில் ஒரு மாடியில் இருந்த ஸ்நூக்கர் பார்லரில். இரண்டு டேபிள், கீழே பனியன் யூனிட். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு வந்து டேபிள் துணியில் உட்காரும். டேபிளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணன் முன்பு ஊட்டியில் ஒரு கிளப்பில் வேலை பார்த்தவர். காலையில் வந்ததும் பிரஷ் போட்டு, அயர்ன் பாக்ஸை ஒரே திசையில் தேய்த்த பிறகுதான் யாரையும் தொட விடுவார். ஜபல்பூரில் 1875-இல் தொடங்கிய இந்த ஆட்டத்துக்கு விதி எழுதி மாட்டியது நம் ஊட்டியில்தான் என்பதை வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். எங்களுக்கு அதைவிட லூசர் பே முக்கியம். தோற்றவன் டேபிள் காசு கொடுக்க வேண்டும் என்பதால் எல்லோரும் பாட் அடிக்க, அதாவது பந்தைப் பாக்கெட்டில் போடக் கற்றுக்கொண்டோம், எதிராளிக்கு வழி விடாமல் வெள்ளைப் பந்தை நிறுத்துகிற சேஃப்டி ஆட ஒருத்தனும் கற்றுக்கொள்ளவில்லை. மணிக்கணக்கு ஓடும்போது எவன் பொறுமையாக வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் டேபிளின் ஓரத்துக் குஷனில் ஒட்டுவான்?

2023-இல் கிளம்பினேன். வெயிஸ்ட் கோட் தைக்கக் கொடுத்தபோது டெய்லர் இரண்டு முறை கேட்டார், "கை வைக்க வேண்டாங்களா தம்பி?" ஆடுகிற கோலான க்யூவைக் கையில் எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏற விட மாட்டார்கள். ஹார்ட் கேஸில் வைத்து லக்கேஜில் போட்டுவிட்டு பாங்காக் வரைக்கும் தூங்கவில்லை. அப்போது நமக்கு விசா அங்கே இறங்கிய பிறகுதான், 2,000 தாய்லாந்து பாட், 15 நாள்.

டேபிளைத் தொட்ட முதல் நாளே வயிற்றைக் கலக்கிவிட்டது. திருப்பூரில் ஓங்கி அடித்தால்தான் பந்து நகரும், மழைக்காலத்தில் சேற்றில் உருள்வது போல இருக்கும். அங்கே தொட்டால் ஓடுகிறது. ஸ்க்ரூ போட்டு ஒரு அடி பின்னால் வரவைக்க வேண்டிய வெள்ளைப் பந்து மூன்றடி வந்து பாக்கெட்டில் விழுந்தது. பாக்கெட் வாயும் சின்னது. கொஞ்சம் வேகமாகப் போய் ஓரத்தில் பட்டால் வெளியே துப்பிவிடும்.

முதல் மேட்ச் ஏழு ஃப்ரேம், அதாவது ஏழு ஆட்டம், அதில் நான்கு எடுத்தவனுக்கு வெற்றி. எதிரே ஒரு தாய்லாந்துப் பையன், பதினெட்டு வயது கூட இருக்காது. பந்தைப் பாக்கெட்டில் போடுவதில் என்னைவிடப் பெரிய ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் குஷனோடு ஒட்டிவிட்டு அமைதியாகப் போய் உட்கார்ந்துகொண்டான். மூன்றாவது ஃப்ரேமில் நான் நாற்காலியிலேயே அரை மணி நேரம் இருந்திருப்பேன். க்யூ நுனியைத் தேய்ப்பது, தண்ணீர் குடிப்பது, திரும்பத் தேய்ப்பது. கை ஆறிப்போய்விடுகிறது. அதற்கு என்ன பயிற்சி எடுப்பது என்று எனக்கு இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

ஆறாவது ஃப்ரேம், நான் 3-2 பின்னால். மேஜையில் மிச்சம் பிரவுன், நீலம், பிங்க், கறுப்புப் பந்துகள், 4, 5, 6, 7 என்று ஆக 22 பாயிண்ட். நான் 15 முன்னால். பிரவுன் விழுந்தால் 19 ஆகிவிடும், மிச்சம் 18-தான், அப்புறம் அவன் பந்தை மறைத்து ஸ்நூக்கர் போட்டு, என்னைத் தப்பு செய்ய வைத்துத்தான் வர வேண்டும். நேரான பிரவுன். பார்லரில் பேசிக்கொண்டே போடுகிற பந்து. பழக்கதோஷம், கொஞ்சம் அழுத்தி அடித்துவிட்டேன். பாக்கெட்டின் இரண்டு தாடையிலும் தட்டித் தட்டி, வாயிலேயே நின்றது. பையன் எழுந்து வந்து நான்கையும் போட்டான். 4-2.

இரண்டாவது போட்டியில் 4-0 என்று தோற்றேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் பக்கம் வரலாமா என்று கேட்கிற பையன்களுக்கு நான் கணக்கைத்தான் சொல்வேன். கார்டு கிடைத்தாலும் 128 பேரில் ஒருவர். இரண்டு வருஷம் முடியும்போது முதல் 64-க்குள் இல்லையென்றால் பெரும்பாலும் திரும்ப க்யூ ஸ்கூல்தான். சீசனுக்கு 20,000 பவுண்ட் உறுதிப்பணம் என்றார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் ஜெயிக்கப் போகும் பரிசில் கழித்துக்கொள்ளும் முன்பணம், அதிலேதான் இங்கிலாந்தில் வாடகையும் சாப்பாடும். பில்லியர்ட்ஸிலும் ஸ்நூக்கரிலும் பல உலகப் பட்டம் வாங்கிய பங்கஜ் அத்வானியே 2012-இல் அந்தச் சுற்றில் சேர்ந்து 2014-இல் கார்டை விட்டுவிட்டு வந்தார். ஆகவே முதலில் மாநிலத் தேர்வு, தேசியப் போட்டி என்று போய், பெட்ரோலிய நிறுவனங்களோ ரயில்வேயோ வேலை தருகிற அளவுக்கு ஆடுங்கள், பாங்காக் எங்கேயும் ஓடிவிடாது. நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். இப்போது ஒரு சைசிங் மில்லில் கணக்கு எழுதுகிறேன். சீட்டு இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டும்.

ஊருக்கு வந்த மறுநாள் பார்லருக்குப் போனேன். மார்க்கர் அண்ணன் ஸ்கோரைக் கேட்கவே இல்லை. "துணி எப்படி ஓடுச்சு தம்பி?" என்றார். சொன்னேன். பிரவுன் எங்கே இருந்தது என்று கேட்டு, அதே இடத்தில் வைத்து, அடிக்கச் சொன்னார். அதே அழுத்தத்தில் அடித்தேன், சத்தமே இல்லாமல் விழுந்தது.

"இதுல விழும்" என்றபடி பந்தை எடுத்து வேட்டியில் துடைத்தார்.