ஸ்லாட்டில் நின்ற கிறிஸ் ஹாரிஸ்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக் எவ்வளவு சிறப்பாக ஆடுகிறாரோ, அவ்வளவுக்கு அவர் பக்கம் பந்து வருவது குறையும்; புள்ளிவிவரங்களில் அவர் பெயரும் அரிதாகவே தென்படும். டென்வர் பிராங்கோஸ் அணிக்காக ஆடிய கிறிஸ் ஹாரிஸ் ஜூனியருக்கு உரிய புகழ் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2011இல் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஓரத்தில் ஆடும் கார்னர்பேக்குக்கு எல்லைக்கோடே துணை; ரிசீவரை அதை நோக்கி நெருக்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஹாரிஸ் பெரும்பாலும் நின்ற ஸ்லாட்டில், அதாவது ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிய இடத்தில், அந்த வசதி கிடையாது. எதிரே இருப்பவர் இருபுறமும் ஓடலாம் என்பதால், தலையசைப்புக்கும் தோளசைப்புக்கும் ஏமாறாமல், குறுகிய அடிகளாகப் பின்வாங்கி, அவருடைய இடுப்பு உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்த பின்னரே தன் உடலைத் திருப்ப வேண்டும். அந்தப் பொறுமை ஹாரிஸிடம் அபாரமாக இருந்தது. எதிரணி பந்தை வீசாமல் ஏந்தி ஓடும் ஓட்ட ஆட்டங்களில் தன்னைவிடப் பருமனானவர்களை மடக்கவும் அவர் தயங்கியதில்லை.

பிராங்கோஸ் 24-10 என்று வென்ற 50ஆவது சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியைப் பற்றிப் பேசுவோர், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைப் பாய்ந்து மடக்கிய வான் மில்லரையே புகழ்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால், பந்தை வீச ஆளின்றிக் குவார்ட்டர்பேக் தாமதிக்கும் அந்த ஒரு நொடியை மில்லருக்குப் பெற்றுத் தந்தவர்கள் பின்வரிசையில் நின்ற ஹாரிஸும் அகிப் தாலிபும்தான்.