பற்றரி செத்தாலும் படம் எடுக்கும் கமெரா

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கமெரா (இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கிக் குவியம் பிடிக்கிற கமெரா) வாங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பற்றரி செத்தால் அது என்ன செய்யும்?

யாஷிகா எலெக்ட்ரோ 35 வடிவான கமெரா. 1966இல் வந்தது. எஃப் 1.7 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் வாய் அகலம்), அந்தி வெளிச்சத்திலும் கைகொடுக்கும். ஆனால் அதன் ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் கதவை, நடத்துவது மின்சாரம். பற்றரி இல்லாவிட்டால் 1/500 நொடி என்ற ஒரே வேகம்தான். 1972இல் வந்த கனொனெற் கியூஎல்17 ஜி-III அப்படியில்லை. அதில் பற்றரி வெளிச்சத்தை அளக்க மட்டும். ஷட்டர் முழுக்க வில்லும் பற்சக்கரமும்.

பெரியப்பாவிடம் இருந்தது அந்தக் கனொனெற்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வரக்கூடாத சாமான். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட காலம். பெரியப்பா வெயிலைப் பார்த்தே அளவு வைத்தார். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போனபோதும் உடுப்புப் பைக்குள் அது கூடவே போனது. இப்போது என்னிடம்.

அதற்குரிய மேர்க்குரி பற்றரி இப்போது வருவதில்லை. காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 பற்றரி அதன் மின்னழுத்தத்துக்குக் கிட்ட வரும். நான் பெரும்பாலும் அதையும் போடுவதில்லை. 200 ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ஃபில்ம், நடுப்பகல் வெயில் என்றால் ஷட்டர் 1/250 நொடி, எஃப் 16. வேப்பமர நிழலுக்குள் போனால் எஃப் 5.6. பெரியப்பா சொல்லித்தந்த கணக்கு இது. எங்கள் வெயிலுக்குப் பிழைக்காது.

குருநகர்க் கரையில் காலையில் நின்று பாருங்கள். கமெராவில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்குள் நடுவில் ஒரு சின்ன மஞ்சள் கட்டம், அதற்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். முகத்தில் குவியம் பிடிக்கப் பார்த்தால் கண் களைத்துவிடும். நிமிர்ந்த கோடு ஒன்றைத் தேடுங்கள்: படகின் கம்பு, சேர்ட்டின் ஓரம், இல்லாவிட்டால் பின்னால் நிற்கிற பனை. லென்ஸின் வளையத்தை மெல்லத் திருப்ப இரண்டு கோடும் நெருங்கி ஒன்றாகும். அந்தக் கணத்தில் விரல் தானாக அழுத்தும். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தமும் பெரிதாக இல்லை, மீன் ஏலம் போடுகிறவர் திரும்பியும் பார்க்கமாட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்தக் கமெராக்களில் பித்து.

ரஷ்ய ஸோர்க்கி-4 கையில் கிடைத்தால் ஒன்றை மறக்காதீர்கள். முதலில் ஃபில்மை இழுத்து ஷட்டரை ஏற்றவேண்டும், பிறகுதான் வேகத்தை மாற்றவேண்டும். மாறிச் செய்தால் உள்ளே உடைந்துபோகலாம்.

ஃபில்மை வீட்டிலேயே கழுவுகிறவர்களுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு தலையிடி. சுண்ணாம்புக்கல் நிலம், காய்ந்ததும் நெகற்றிவ்வில் வெள்ளைப் புள்ளி. கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் பாவியுங்கள்.

அப்புறம், பூஞ்சை. கார்த்திகை மழை தொடங்குமுன் கமெராவைத் தோலுறையிலிருந்து எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், லென்ஸுக்குள் பூஞ்சை படர அதுவே போதும். இறுக்கி மூடும் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். மாதத்தில் ஒருமுறையாவது வெளியே எடுத்து ஷட்டரை எல்லா வேகத்திலும் அடித்துப் பாருங்கள்.