ஓரக்குறிப்பு

மார்ச் 3, 2024, ஞாயிறு

கொள்ளுப்பாட்டியின் கல்லறையைக் கண்டுபிடித்துவிட்டேன். பாசி படர்ந்து எழுத்துகள் மங்கியிருந்தன. கம்பித் தூரிகையால் தேய்க்கக் கை பரபரத்தது. தேய்த்தால் எஞ்சிய எழுத்தும் உதிர்ந்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் விழச் செய்தேன். பள்ளங்களில் நிழல் தங்கியதும் வரிகள் எழுந்து வந்தன. இறந்தது 14 மார்ச் 1931. வயது 42 ஆண்டு, 3 மாதம், 11 நாள். பின்னோக்கிக் கழித்துப் பார்த்தால் 1888 டிசம்பர் 3-இல் பிறந்திருக்கிறாள்.

கப்பலேறி வந்தவள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த ஊரிலிருந்து என்று ஒருவரும் கேட்டுவைக்கவில்லை. கல்லிலும் ஊர் இல்லை.

மார்ச் 9, சனி

கல்லறைத் தோட்டத்தின் அடக்கப் பதிவேட்டைப் பார்த்தேன். பாட்டியின் இடத்திலேயே 1914-இல் ஐந்து நாள் ஆண் குழந்தை ஒன்றையும் புதைத்திருக்கிறார்கள். கல் கிடையாது. அந்தக் குழந்தையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. வெகுநேரம் அந்த வரியை விட்டு விரலை எடுக்க முடியவில்லை.

மார்ச் 20, புதன்

குழந்தையின் ஞானஸ்நானப் பதிவு கோயிலில் கிடைத்தது. எல்லாம் இலத்தீன். பெயர் யாக்கோபுஸ். ஜேக்கப்பும் இலத்தீனில் யாக்கோபுஸ்தான், ஜேம்ஸும் யாக்கோபுஸ்தான். தாய் எப்படிக் கூப்பிட்டாளோ. ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நின்ற ஞானத்தாயின் குடும்பப் பெயரைப் படித்ததும் திடுக்கிட்டேன். அது பாட்டியின் பிறந்தகப் பெயர். தனியாக வந்தவள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கூடவே ஒரு சகோதரியும் வந்திருக்க வேண்டும்!

1912 திருமணப் பதிவேட்டில் மணப்பெண் ஞானஸ்நானம் பெற்ற பங்கின், அதாவது அவள் ஊர்க் கோயில் வட்டாரத்தின், பெயரும் இருந்தது. 1908 ஈஸ்டர் முதல் கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு விதி உண்டு. திருமணம் எங்கு நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அங்கே பழைய பதிவின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொள்வார்கள். அந்த விதி இல்லாவிட்டால் பாட்டியின் ஊரை இங்கே எழுதியே இருக்க மாட்டார்கள். இரவே அந்தப் பங்குக்குக் கடிதம் எழுதினேன்.

மே 17, வெள்ளி

பங்குத்தந்தை ஏட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பிறப்பு: 1888 டிசம்பர் 3. கல் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பக்கத்தின் ஓரத்தில், வேறு கையெழுத்தில், வேறு மையில், பாட்டி மணந்துகொண்ட ஆண்டும் எங்கள் ஊர்ப் பெயரும். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அவள் திரும்பிப் போகவே இல்லை. கடல் தாண்டிப் போனது இந்த ஒற்றை வரிதான்.

ஞானத்தாயின் பதிவும் அந்த ஏட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அவருக்கு மறுபடியும் எழுதிவிட்டேன்.